முகமும் முதுகும்: மனாட்டிப் படங்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படம்

நீரிலேயே வாழும் பெரிய பாலூட்டியான மனாட்டியின் படமென்று இயற்கை இதழ்களிலும் நாட்காட்டிகளிலும் இணையத்திலும் வெளியாகின்றவற்றுள் பெரும்பாலானவை ஒரே அமைப்பில் இருப்பதைச் சற்றுக் கூர்ந்து பார்ப்பவர் கண்டுகொள்வார். அடிமணல் தெரியுமளவு தெளிந்த, நீலமும் பச்சையும் கலந்த நீர். மேலிருந்து சாய்வாக இறங்கும் காலைநேர ஒளிக்கற்றைகள். நடுவில், கேமராவை நேருக்கு நேர் நோக்கி நிற்கும், மீசை முடிகள் அடர்ந்த பெரிய மூக்கு. அதன் பின்னால் விரைவாகச் சிறுத்துச் செல்லும் சாம்பல்நிற உடல். தாயுடன் கன்றும் இருந்துவிட்டால் படத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. மனாட்டியை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலரே என்பதால், மற்ற அனைவருக்கும் மனாட்டி என்பது இந்தப் படம்தான்.

இவ்வகைப் படங்களில் மிகப் பல, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து மேற்குக் கரையில், சிட்ரஸ் மாவட்டத்தைச் சேர்ந்த கிரிஸ்டல் ரிவர் என்னும் சிற்றூரையொட்டிய கிங்ஸ் விரிகுடாவில் எடுக்கப்பட்டவை. அந்த விரிகுடாவில் எழுபதுக்கும் மேற்பட்ட நன்னீர் ஊற்றுகள் உள்ளன. அவற்றுள் 'த்ரீ சிஸ்டர்ஸ்' என்ற ஊற்றுத் தொகுதிதான் ஒளிப்படக் கலைஞர்கள் அதிகம் நாடும் இடம். ஓர் உயிரினக் குழுவைப் பற்றி உலகம் கொண்டிருக்கும் மனச்சித்திரம் இவ்வளவு சிறிய நீர்ப்பரப்பின் ஒளியாலும் ஆழத்தாலும் விதிகளாலும் எவ்வாறு உருவாயிற்று என்பதும், அது எதைக் காட்டி எதை விட்டுவிடுகிறது என்பதும் இந்த ஆய்வின் பொருள். அந்தப் படம் பொய்யான படம் அன்று. ஆனால் அது முகத்தைக் காட்டும் படம். மனாட்டியின் வாழ்க்கை வரலாறு பதிந்திருப்பதோ அதன் முதுகில்.

அடிப்படைத் தகவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனாட்டிகளில் மூன்று இனங்கள் உள்ளன: மேற்கிந்தியத் தீவு மனாட்டி, அமேசான் மனாட்டி, மேற்கு ஆப்பிரிக்க மனாட்டி. முதலாவது இனத்திற்கு ஃபுளோரிடா, அண்டிலீஸ் என இரண்டு துணையினங்கள் உண்டு. நம் கடலிலும் வாழும் ஆவுளியா இவற்றின் உறவினம். ஆவுளியாவின் வால் திமிங்கலத்தின் வாலைப் போலப் பிளவுபட்டிருக்க, மனாட்டியின் வால் வட்டமான துடுப்பு வடிவில் இருக்கும். வளர்ந்த ஃபுளோரிடா மனாட்டி ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 முதல் 600 கிலோ வரை எடையும் கொண்டது. அது தாவர உண்ணி; பின்னங்கால்களோ வெளிக்காதோ அதற்குக் கிடையாது; ஒருபோதும் கரையேறுவதில்லை.

நீருக்கு வெளியே வரையப்பட்ட விலங்கு

கடைசியாகச் சொன்ன செய்தியை, ஒளிப்படக் காலத்துக்கு முந்தைய ஓவியர்களும் செதுக்குநர்களும் பெரும்பாலும் அறிந்திருக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே: கலங்கிய நீரின் மேற்பரப்பில் ஒரு நொடி எழுந்து மறையும் மூக்கு, அல்லது கரைக்கு இழுத்து வரப்பட்ட பிணம். நீருக்குள் உயிருள்ள மனாட்டி எப்படித் தோன்றும் என்பதை அறிய வழியே இல்லாமலிருந்தது.

முதல் வகைப் பார்வைக்குக் கொலம்பஸின் குறிப்பு எல்லோரும் எடுத்துக்காட்டும் சான்று. 1493 ஜனவரி 9 என்று தேதியிட்ட நாட்குறிப்பில், முந்தைய நாள் ஹிஸ்பானியோலா தீவின் கரையருகே நீரிலிருந்து நன்றாக மேலெழுந்த மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகவும், ஓவியங்களில் தீட்டப்படும் அளவுக்கு அவை அழகாக இல்லை என்றும், முகம் ஏதோ ஒருவகையில் மனித முகத்தை ஒத்திருந்தது என்றும் எழுதப்பட்டுள்ளது. வழக்கமாக நகைப்புக்காகவே மேற்கோள் காட்டப்படும் இந்த வரியில் வேறொன்றும் இருக்கிறது. ஓவியத்தைக் கொண்டு விலங்கை மதிப்பிட்ட அவர், விலங்கு ஓவியத்துக்கு ஈடாகவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். படம் முன்னே வந்து, விலங்கு பின்னே வரும் இந்த வரிசையைப் பிற்காலத்திலும் காணப்போகிறோம்.

இரண்டாவது வகைப் பார்வையின் விளைவு பதினேழாம் நூற்றாண்டு அச்சு நூல்களில் தெரிகிறது. தாவரவியலாளர் கரோலஸ் க்ளூசியஸ் 1605-இல் வெளியிட்ட அயல்நாட்டு உயிரினங்கள் பற்றிய நூலில் உள்ள மனாட்டிப் படம், மாலுமிகள் கொண்டுவந்த, உள்ளே பொருள் திணித்துப் பாடம் செய்யப்பட்ட தோலைப் பார்த்து வரையப்பட்டது. தோலுக்குள் எவ்வளவு திணிக்க வேண்டும் என்பது திணிப்பவரின் ஊகம்; எலும்பும் கொழுப்பும் இல்லாத தோல் எந்த உருவத்தையும் ஏற்கும். அத்தகைய மாதிரிகளைப் பார்த்தவர்கள் முன்துடுப்புகளைக் கால்களாக எண்ணித் தரையில் ஊன்றி வரைந்தது வியப்புக்குரியதன்று. இதற்கு மாறாக, சொல்லால் எழுதியவர்கள் சில வேளைகளில் ஓவியர்களை விஞ்சினர். கடற்கொள்ளையராகவும் இயற்கை ஆர்வலராகவும் ஒருங்கே வாழ்ந்த வில்லியம் டேம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில், மிஸ்கீட்டோ பழங்குடி வேட்டையர்களோடு பழகிய அனுபவத்தில், மனாட்டியின் உருவத்தையும் உணவையும் அதை வேட்டையாடும் முறையையும் விரிவாக விவரித்தார். விலங்கோடு வாழ்ந்தவர்களைக் கேட்டு எழுதியதால் வந்த தெளிவு அது. கரீபியத் தீவுகளின் தாயினோ மக்களோ மனாட்டியை வெறும் படப்பொருளாகக் கொள்ளவில்லை. அதன் அடர்ந்த விலா எலும்புகளிலேயே சடங்குக் கருவிகளைச் செதுக்கினர்.

1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் மனாட்டிக்கு இன்றும் வழங்கும் அறிவியல் பெயரைச் சூட்டியபோது, யானை, தேவாங்கைப் போல மெதுவாக நகரும் ஸ்லாத், எறும்புதின்னி ஆகியவற்றோடு அதை ஒரே வரிசையில் வைத்தார். அவருடைய காரணங்கள் இன்று செல்லுபடியாகா. ஆயினும் யானையும் மனாட்டியும் உண்மையிலேயே நெருங்கிய உறவுடையவை என்பதைப் பிற்கால மூலக்கூறு ஆய்வுகள் காட்டின. தவறான வழியில் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததுபோல்தான் இது.

பார்க்காத விலங்கைப் படத்தில் 'பார்த்துவிடும்' பிழைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஓவியத்தில் இல்லை, சிற்பத்தில் இருக்கிறது. ஓஹாயோ மாநிலத்தின் தொல்பழங்கால மண்மேடுகளில் விலங்கு உருவம் செதுக்கிய கற்புகைக்குழாய்கள் கிடைத்தன. ஸ்குவையர், டேவிஸ் என்ற இருவர் 1848-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வழியே வெளியிட்ட பெருநூலில், அவற்றுள் ஏழு மனாட்டியின் உருவங்கள் என்று கூறினர். மனாட்டி வாழும் கடற்கரை அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. எனவே இந்த அடையாளம் ஒரு பெரிய முடிவுக்குத் துணையாயிற்று: மேடுகளைக் கட்டியவர்கள் தெற்கிலிருந்து வந்தவர்கள், அல்லது தெற்கோடு நெருங்கிய தொடர்புடையவர்கள் என்று வாதிட்டனர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1883-இல், ஹென்றி ஹென்ஷா என்ற இயற்கையியலாளர் அந்த உருவங்களை உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டுப் பார்த்தார். செதுக்கப்பட்ட விலங்குக்குக் காது இருந்தது, பாதங்கள் இருந்தன. மனாட்டிக்கு அவை கிடையா. அது அந்தப் பகுதி ஆறுகளில் எங்கும் வாழ்ந்த நீர்நாய் என்று அவர் முடிவு செய்தார். பழங்காலச் சிற்பி தான் அறிந்த விலங்கைச் சரியாகவே செதுக்கியிருந்தான். மீசையையும் தடித்த மூக்கையும் மட்டும் கண்டு மனாட்டி என்று முடிவுகட்டியவர்கள் நூலாசிரியர்கள். முகத்தை மட்டும் பார்த்ததன் விலை முப்பத்தைந்து ஆண்டுக் குழப்பம்.

மனாட்டிக்கும் ஆவுளியாவுக்கும் உறவினமான ஸ்டெல்லர் கடற்பசுவின் கதை இதனினும் துயரமானது. கியோர்க் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் 1741-இல் பெரிங் தீவில் கண்டு, மறு ஆண்டு ஒரு பெண் விலங்கை அறுத்து அளந்து எழுதிய அந்தப் பெருவிலங்கு, 1768-ஆம் ஆண்டளவில் முற்றிலும் அழிந்தது. அதை உயிருடன் பார்த்து வரைந்த நம்பகமான விரிவான ஓவியம் எதுவும் இன்று நம்மிடம் இல்லை. பின்வந்த ஓவியங்கள் எல்லாம் அவருடைய எழுத்திலிருந்தும் எலும்புகளிலிருந்தும் மீட்டெடுக்கப்பட்டவை. மனாட்டிக்கு அந்த நிலை வரவில்லை. 1872-இல் ஜேம்ஸ் மூரி லண்டன் விலங்கியல் சங்கத்தின் வழியே அதன் உடலமைப்பைப் பற்றிய விரிவான ஆய்வைப் படத்தகடுகளுடன் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் காட்சியகத் தொட்டிகளுக்கு உயிருள்ள மனாட்டிகளும் வந்து சேர்ந்தன. நீருக்குள் கிடைமட்டமாக மிதந்து நிற்கும் உடல் அப்போதுதான் ஐரோப்பிய ஓவியர்களின் கண்ணுக்குக் கிடைத்தது.

ஊற்றுநீரின் ஒளி

மனாட்டியின் பருத்த உடலைப் பார்ப்பவர் அது குளிரைத் தாங்கும் என்று எண்ணுவார். உண்மையில் அதன் வளர்சிதை மாற்றம் மெதுவானது. கொழுப்புப் படலமும் காப்புத் தரப் போதாது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் அது நோயுற்று இறக்கும். மெக்சிகோ வளைகுடா குளிரும் காலத்தில், ஆண்டு முழுவதும் சுமார் 22 டிகிரியில் சுரக்கும் கிங்ஸ் விரிகுடா ஊற்றுகளை மனாட்டிகள் நாடி வருவது இதனால்தான். நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறைகளில் வடிகட்டப்பட்டு வரும் அந்த நீர் வெதுவெதுப்போடு தெளிவையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. கடும் குளிர்நாளின் காலையில் மனாட்டிகள் நூற்றுக்கணக்கில் ஊற்றுக்குள் நெருங்கி ஓய்வெடுக்கின்றன. ஒளிப்படக் கலைஞருக்கு வேண்டிய தெளிந்த நீர், ஆழமின்மை, அசையாத விலங்கு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் ஒரு பருவத்தில் கூடுகின்றன.

ஆழமின்மைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. நீர் முதலில் உறிஞ்சிக்கொள்வது சிவப்பு ஒளியை. சில மீட்டர் இறங்கினாலே நிறங்கள் வெளுத்து நீலம் மேலோங்கும். ஊற்றில் விலங்கு மேற்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள்ளேயே இருப்பதால் செயற்கை ஒளி இல்லாமலே தோலின் பழுப்பும் பாசியின் பச்சையும் பதிவாகின்றன. கதிரவன் தாழ்ந்திருக்கும் காலையில் மரக்கிளைகளின் இடுக்கு வழியே நீரில் இறங்கும் ஒளிக்கற்றைகள் எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காதவை. இந்த அழகைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1960-களின் பிற்பகுதியில் டேனியல் ஹார்ட்மன் என்ற ஆய்வாளர் இதே விரிகுடாவில் நீந்தியபடி மனாட்டிகளைக் கண்காணித்தார். காட்டு மனாட்டியின் நடத்தை பற்றிய முதல் விரிவான ஆய்வு அவருடையது. முழு வடிவில் அது 1979-இல் வெளிவந்தது. தெளிந்த நீர் அறிவியலுக்குத்தான் முதலில் பயன்பட்டது என்பதை மறக்கலாகாது. ஏறத்தாழ அதே காலத்தில் கடலடிப் படங்களால் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் ஜாக் கூஸ்தோவின் குழு ஃபுளோரிடாவின் மற்றொரு ஊற்றான ப்ளூ ஸ்பிரிங்கில் படம்பிடித்தது. 1972-இல் ஒளிபரப்பான அந்த ஆவணப்படம் மனாட்டியை வீட்டு வரவேற்பறைகளுக்குக் கொண்டுவந்தது. பிறகு நீருக்கடியில் இயங்கும் கேமராக்கள் மலிந்தன, பயணிகளும் வந்தனர்.

முகம் எப்படி ஆக்கப்படுகிறது

நீருக்கடியில் படமெடுப்பவரின் முதல் விதி நெருங்கிச் செல்வது. எவ்வளவு தெளிந்த நீரிலும் மிதக்கும் துகள்கள் உண்டு. கேமராவுக்கும் விலங்குக்கும் இடையிலுள்ள நீர் குறையக் குறையப் படம் கூர்மையாகும். மூன்று மீட்டர் நீளமுள்ள உடலை ஒரு மீட்டர் தொலைவிலிருந்து சட்டகத்துக்குள் அடக்க அகன்ற கோண லென்ஸ் தேவை. மிக அகன்ற கோணத்தைப் பிடிக்கும் ஃபிஷ்ஐ லென்சும் அதற்கு முன்னால் வளைந்த கண்ணாடிக் கூடும் இங்கு வழக்கமான கருவிகள். அகன்ற கோண லென்சை வைத்து நெருங்கிச் சென்றால் அருகிலிருப்பது மிகப் பெரிதாகவும் தொலைவிலிருப்பது மிகச் சிறிதாகவும் பதிவாகும். மனாட்டி இயல்பாகவே ஆர்வம் கொண்ட விலங்கு. புதுப் பொருளை மூக்கால் தொட்டு அறிய முன்வரும். இவை ஒன்றுசேர்வதால் மூக்கு பூதாகாரமாகிறது, உடல் சுருங்குகிறது; பெருந்தலையும் சிறு உடலுமாக ஒரு குழந்தையின் விகிதம் உண்டாகிறது. மனாட்டி 'இனிமையானது' என்று பார்வையாளருக்குத் தோன்றுவதில் லென்சுக்குக் கணிசமான பங்கு இருக்கிறது.

உருவப்பட மரபு கண்ணை மையமாகக் கொண்டது; மனாட்டி அப்படிப்பட்டதன்று. அதன் கண் மிகச் சிறியது. இமைகள் இருப்பதற்குப் பதில் வட்டமான தசை சுருக்குப்பைபோல் மூடிக்கொள்ளும். பார்வைக் கூர்மையும் குறைவு. உலகை அது முதன்மையாக அறிவது தொடுவுணர்வால்: முகத்தில் மட்டும் சுமார் 2,000 உணர்முடிகளும், உடல் முழுவதும் பரவலாக மேலும் சில ஆயிரமும் உள்ளன. நீரின் சிற்றசைவையும் அவை உணரும். ஆயினும் ஓவியர்கள் கண்ணைச் சற்றே பெரிதாக்கி அதில் ஒளிப்புள்ளி வைக்கிறார்கள். ஒளிப்படக்காரர்கள் கண் கூர்மையாக விழாத படத்தை ஒதுக்குகிறார்கள். உடல் முடிகளோ வரைபடங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. மேலுதடு இரண்டு பிரிவாக அசைந்து புல்லைப் பற்றி வாய்க்குள் தள்ளும் ஓர் உறுப்பு. அதன் மடிப்பைப் பார்த்துவிட்டு 'புன்னகைக்கிறது' என்று படக்குறிப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை அடித்துவிடுவதே ஆசிரியரின் கடமை என்று கருதுகிறேன்.

நேர்முகப் படத்தால் நேரும் மற்றோர் இழப்பு துறைசார்ந்தவர்களுக்கே தெரியும். மனாட்டி இனங்களைப் பிரித்தறியும் அடையாளங்களில் ஒன்று மூக்குப்பகுதி கீழ்நோக்கி வளைந்திருக்கும் கோணம். நீரடிப் புல்லை மேயும் மேற்கிந்திய இனத்தில் அந்த வளைவு மிகுதி. நீர்ப்பரப்பிலும் கரையோரத்திலும் உள்ள தாவரங்களை அதிகம் உண்ணும் மற்ற இரண்டு இனங்களில் குறைவு. பக்கவாட்டில் பார்த்தால் தெளிவாகத் தெரியும் இக்கோணம் நேருக்கு நேர் எடுத்த படத்தில் அறவே மறைந்துவிடுகிறது. இயற்கை வரலாற்று ஓவியர்கள் இன்றும் பக்கத் தோற்றத்தை வற்புறுத்துவது பழைமைப் பற்றால் அன்று.

படம் அழைத்துவரும் கூட்டம்

கிரிஸ்டல் ரிவர் தேசிய வனவிலங்குப் புகலிடம் 1983-இல் மனாட்டிக்கென்றே அமைக்கப்பட்டது. த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றும் அதைச் சூழ்ந்த நிலமும் 2010-இல் 1.05 கோடி டாலருக்குப் பொதுவுடைமையாக வாங்கப்பட்டன. 2012-இல் கிங்ஸ் விரிகுடா முழுவதும் மனாட்டிப் புகலிடமாக அறிவிக்கப்பட்டபோது, துரத்துதல், ஓய்வெடுக்கும் விலங்கின் மேல் குதித்து இறங்குதல், மேலேறி நிற்றல், பொருளால் குத்துதல், உணவூட்டுதல், தாயையும் கன்றையும் பிரித்தல் போன்ற செயல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடைசெய்யப்பட்டன. விதிகள் இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருப்பது அங்கே என்னவெல்லாம் நடந்திருக்கும் என்பதைத் தானே சொல்கிறது. குளிர்காலத்தில் சில பகுதிகளுக்குள் மனிதர் நுழையவே கூடாது. கடுங்குளிர் நாட்களில் ஊற்றே நீந்துவோருக்கு மூடப்படும்.

1999-இல் வெளியான ஓர் ஆய்வு, விரிகுடாவில் படகுகளின் எண்ணிக்கை கூடும்போது மனாட்டிகள் மனிதர் நுழையாத பகுதிகளை அதிகம் நாடின என்று காட்டியது. இதைப் படக்கலையின் மொழியில் சொன்னால், சட்டகத்துக்குள் வந்து நிற்கும் மனாட்டிகள் மனிதரைப் பொறுத்துக்கொள்பவை. பொறுக்காதவை மனிதர் நுழையாதபடி கட்டிய எல்லைக் கயிற்றுக்கு அப்பால் இருக்கின்றன. ஆகவே 'மனாட்டி மனிதரிடம் பழகுவதை விரும்பும்' என்ற எண்ணம் தேர்ந்தெடுக்கப்பட்ட சான்றுகளிலிருந்து பிறப்பது. படத்தின் ஓரத்தில் தெரியும் நீச்சல்காரர்களின் கால்களையும் மிதவைக் கயிறுகளையும் வெட்டிவிடுவது தொழிலின் வழக்கம். வெட்டாத படம் இந்த நிகழ்வைப் பற்றிக் கூடுதல் உண்மை சொல்லும். அதைப் பரிசுக்கு அனுப்புவார் அரிது. இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய நற்செய்தியும் உண்டு. பாசிப் படலமும் சேறும் மூடியிருந்த விரிகுடாவின் தரையில் 2015 முதல் சேற்றை உறிஞ்சி எடுத்து நீர்ப்புல்லை மீண்டும் நடும் பணி நடந்தது. அண்மைக்காலப் படங்களில் மனாட்டிகளுக்குக் கீழே பசும்புல் வெளி தெரிவதற்கு அதுவே காரணம். பின்னணியை மங்கலாக்கிவிடும் படக்காரர் இந்தச் செய்தியையும் சேர்த்து மங்கலாக்கிவிடுகிறார்.

முதுகு

மனாட்டிகளை ஆளுக்கு ஆள் அடையாளம் காண ஆய்வாளர்கள் எடுக்கும் படங்கள் வேறு வகையின. கெயின்ஸ்வில் நகரில் இயங்கும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின், மனாட்டிகளை ஆராயும் சைரீனியா திட்டமும், மாநில வனவிலங்கு ஆணையமும், மோட் கடலாய்வுக் கூடமும் இணைந்து பேணும் ஒளிப்பட அடையாளத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான பதிவுகள் உள்ளன. முகத்தால் அங்கே பயனில்லை. முதுகு, இரண்டு பக்கவாட்டுகள், வாலின் விளிம்பு ஆகியவையே வேண்டும். ஏனெனில் அங்குதான் தழும்புகள் இருக்கின்றன. படகின் விசிறி வெட்டிய இணைகோடுகள், வாலில் பிய்ந்துபோன துண்டு, நண்டுப்பொறிக் கயிறு இறுகியதால் இழந்த துடுப்பு ஆகியவை ஒவ்வொரு விலங்குக்கும் தனி அடையாளமாகின்றன. எந்தத் தழும்பும் இல்லாத விலங்கைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. மனிதன் காயப்படுத்திய பிறகே ஒரு மனாட்டி தனக்கென்று ஓர் அடையாளம் பெறுகிறது என்ற கசப்பான உண்மை இந்த முறையின் அடியில் இருக்கிறது. ஆண்டாண்டாக அதே முதுகுகளைப் படமெடுத்துச் சேர்த்ததால்தான், வளர்ந்த விலங்குகள் எவ்வளவு விகிதத்தில் உயிர்பிழைக்கின்றன, பெண் விலங்கு எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை கன்று ஈனுகிறது என்பனவெல்லாம் கணக்கிடப்பட்டன.

அழகியல் நோக்கில் இவை மட்டமான படங்கள். பெரும்பாலும் மேலிருந்து எடுத்தவை. தழும்பு தெரிந்தால் போதும், ஒளி எப்படியிருந்தாலும் சரி. ஆனால் ஒரு மனாட்டிக்குப் பெயரும் வயதும் வரலாறும் கொடுக்கும் உருவப்படம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது இதுதான்.

முதுகு எழுதப்படும் இடம் என்பதை 2021 ஜனவரியில் நடந்த ஒரு செயல் அருவருப்பான முறையில் மெய்ப்பித்தது. கிரிஸ்டல் ரிவருக்குத் தெற்கேயுள்ள ஹோமோசாசா ஆற்றில் ஒரு மனாட்டியின் முதுகில் படிந்திருந்த பாசியைச் சுரண்டி, அப்போதைய அமெரிக்க அதிபரின் பெயரை யாரோ எழுதியிருந்தனர். விலங்குக்குப் பெரிய காயமில்லை என்று அதிகாரிகள் தெரிவித்தனர், விசாரணை தொடங்கியது. அந்தப் படம் உலகெங்கும் பரவியது. பல்லாண்டுகளாகப் படகு விசிறிகள் அதே முதுகுகளில் எழுதிவந்ததற்கு அவ்வளவு விரைவான பரவல் கிடைத்ததில்லை. மாநிலத்தில் பதிவாகும் மனாட்டி இறப்புகளில் படகு மோதலால் நேர்பவை அண்மைக்காலத்தில் ஆண்டுக்கு 100-ஐ ஒட்டி இருக்கின்றன.

2021-ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் மனாட்டிப் படங்களின் வரலாற்றில் ஒரு திருப்பம். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் உள்ள இந்தியன் ரிவர் காயலில் கழிவுச் சத்துகள் சேர்ந்து பாசி பெருகி, ஒளி மறைந்து, கடற்புல் பெருமளவில் அழிந்தது. அந்த ஓராண்டில் மாநிலம் முழுவதும் 1,100 மனாட்டிகள் இறந்ததாகப் பதிவாயிற்று. கிழக்குக் கரையில் இறந்தவற்றுள் பல பட்டினியால் மடிந்தவை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், 2017-இல், அமெரிக்கக் கூட்டரசு மனாட்டியை 'அழியும் நிலையிலுள்ளது' என்ற பட்டியலிலிருந்து 'அச்சுறுத்தலுக்குள்ளானது' என்ற பட்டியலுக்கு இறக்கியிருந்தது. 2021–22 குளிர்காலத்தில் கேப் கனாவெரல் அருகே மின்நிலையத்தின் வெந்நீரை நாடி வந்த மனாட்டிகளுக்கு அதிகாரிகளே 90 டன்னுக்கு மேற்பட்ட லெட்டூஸ் கீரையை வீசினர். கலங்கிய நீரில் இலைகளுக்கு நடுவே முண்டும் மூக்குகளின் செய்திப்படங்கள் அப்போது வெளிவந்தன.

இங்கேதான் ஊற்றுப் படங்களின் ஒரு தீமை வெளிப்பட்டது. நலமான மனாட்டிக்குத் தலைக்கும் உடலுக்கும் இடையே கழுத்து என்று எதுவும் தெரியாது. பட்டினி கிடந்த விலங்கில் தலைக்குப் பின்னே பள்ளம் விழும், பக்கங்கள் ஒட்டும், வயிற்றுத் தோலில் நீள்மடிப்புகள் தோன்றும். முகத்தை முன்னிறுத்தும் படத்தில் இவற்றுள் ஒன்றும் தெரியாது. மெலிந்த விலங்கும் அகன்ற கோண லென்சின் முன் கொழுத்த மூக்கோடுதான் நிற்கும். மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ எடுத்த படமே அதன் நிலையைச் சொல்லும். 2023 நவம்பரில் மயாமியின் கடற்காட்சியகம் ஒன்றின் வட்டத் தொட்டியில் தனியே சுற்றிக்கொண்டிருந்த முதிய ரோமியோ என்ற மனாட்டியின் காணொளி, ட்ரோனால் உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த மாதமே அது வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. அதில் ரோமியோவின் முகம் தெரியவே இல்லை. தொட்டியின் அளவும் விலங்கின் தனிமையும் தெரிந்தன, அதுவே போதுமானதாயிற்று.

தெளிந்த நீர் இல்லாத இனங்கள்

அமேசான் மனாட்டி நன்னீரில் மட்டுமே வாழ்வது, துடுப்புகளில் நகமில்லாதது, பெரும்பாலானவற்றின் வயிற்றில் வெள்ளைத் திட்டு உண்டு. கரும்பழுப்பான அல்லது சேறு கலந்த நீரில், வெள்ளத்தில் மூழ்கிய காடுகளுக்கிடையே அது உலவுகிறது. மூச்சுவிடும்போது மூக்குத்துளை மட்டுமே மேலே வரும். காட்டில் அதை முழுமையாகப் படமெடுப்பது ஏறத்தாழ இயலாத செயல். நமக்குக் கிடைக்கும் படங்களில் மிகுதியானவை பிரேசிலின் மனாவுஸ் நகரில் உள்ள ஐ.என்.பி.ஏ. என்னும் அமேசான் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் தாயை இழந்த கன்றுகளை வளர்க்கும் தொட்டிகளில் எடுத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அலெஷாந்த்ரே ரொத்ரிகெஸ் ஃபெரெய்ரா தலைமையில் அமேசானில் பயணம் செய்த போர்ச்சுகீசியக் குழுவின் ஓவியர்கள் பிடிபட்ட விலங்குகளைப் பார்த்து வரைந்தனர். அந்த நிலையிலிருந்து நாம் பெரிதாக முன்னேறிவிடவில்லை.

மேற்கு ஆப்பிரிக்க மனாட்டியின் நிலை இன்னும் குறைவானது. மொரித்தானியா, செனகல் முதல் அங்கோலா வரை கழிமுகங்களிலும் காயல்களிலும், நைஜர் ஆற்றின் வழியே மாலி நாட்டின் உட்பகுதி வரையிலும் பரவியிருக்கும் இந்த இனத்தின் படங்களில் பல, வலையில் சிக்கியவற்றின் அல்லது கொல்லப்பட்டவற்றின் படங்கள். கேமரூனின் ஒஸ்ஸா ஏரியில் சால்வினியா என்ற மிதக்கும் களைச்செடி நீர்ப்பரப்பை மூடியபோது, மனாட்டிக்கு நேர்ந்த கேட்டை மனாட்டியே இல்லாத, பச்சைப் பாய் விரித்த ஏரியின் படம்தான் காட்ட முடிந்தது. இந்த இனத்தைப் பற்றி எழுதும் இதழ்கள் சில வேளைகளில் ஃபுளோரிடா ஊற்றில் எடுத்த படத்தையே அதன் பெயரில் இட்டுவிடுகின்றன. கண்ணும் மூக்கின் வளைவும் வேறு, நீர் வேறு, வாழ்க்கை முறையும் வேறு. ஆப்பிரிக்க இனம் சிப்பிகளையும் வலையில் சிக்கிய மீன்களையும்கூட உண்ணும்.

கலங்கிய நீரில் மனாட்டியைக் காண ஆய்வாளர்கள் வேறொரு கருவியைக் கையாளுகின்றனர். மெக்சிகோவிலும் ஹோண்டுராசிலும் அண்டிலீஸ் மனாட்டியைத் தேடியவர்கள், படகின் பக்கவாட்டில் ஒலியலைகளை அனுப்பும் பக்கநோக்குச் சோனார் கருவியால் அதைக் கண்டறிய முடியும் என்பதை 2009-இல் வெளியிட்டனர். அந்தப் படத்தில் தெரிவது மேலிருந்து பார்த்த ஒரு நீள்வட்டம், வட்டமான வால், பக்கத்தில் ஒலி எட்டாத கரிய நிழல். நிழலின் நீளத்தைக் கொண்டு விலங்கு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது என்று மதிப்பிடலாம். வளர்ந்ததா கன்றா என்பதைப் பல வேளைகளில் பிரித்தறியலாம். ஆப்பிரிக்க மனாட்டியைப் பற்றிய கட்டுரைக்குப் படம் தேடும் ஆசிரியர், உரிய இனத்தின் நம்பகமான ஒளிப்படம் கிடைக்காவிட்டால், இடமும் நாளும் கருவியும் குறித்த ஒரு சோனார் படத்தையோ எலும்புக்கூட்டின் அளவுகளுக்கேற்ப வரைந்த பக்கத்தோற்ற ஓவியத்தையோ இடலாம். த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றின் படத்தைத்தான் இட வேண்டுமென்றால், அது எந்த நாட்டில், எந்த மாதத்தில், எந்தத் துணையினத்தை எடுத்தது என்பதைப் படக்குறிப்பில் எழுதிவிட வேண்டும்.